ஜகார்த்தாவை விட்டுப் போவதா, ஜகார்த்தாவைக் காப்பதா? இந்தோனேசியாவின் முன் இருக்கும் நான்கு வழிகள்

ஜகார்த்தாவின் வடக்கு ஓரத்தில் முவாரா பாரு என்றொரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே நீளமாக ஒரு கான்கிரீட் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தப் பக்கம், ஓதம் ஏறும் நேரத்தில், அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலான உயரத்தில் கடல் நிற்கிறது. சுவருக்கு வெளியே கைவிடப்பட்ட பள்ளிவாசல் ஒன்று பாதி மூழ்கிக் கிடக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் தொழுகைக்கு ஆட்கள் நடந்து போன கட்டடம்தான். கடல் மட்டம் உயர்ந்தது சிறு காரணம். நிலம் இறங்கியதுதான் பெருங்காரணம். இந்தக் கரையில் சில இடங்கள் 1970-களிலிருந்து 4 மீட்டர் வரை தாழ்ந்திருக்கின்றன.

2019 ஆகஸ்ட் 26 அன்று, அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ, தலைநகரை போர்னியோத் தீவின் கிழக்குக் கலிமந்தான் மாநிலத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். 2022-இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. புதிய நகரத்துக்கு நுசாந்தரா என்று பெயர். மதிப்பிட்ட செலவு 466 லட்சம் கோடி ரூபியா, டாலர் கணக்கில் 3,000 கோடிக்கு மேல். 2024 அக்டோபரில் பிரபோவோ சுபியாந்தோ பதவிக்கு வந்த பிறகு வேகம் குறைந்தது. 2024-இல் இயற்றப்பட்ட ஜகார்த்தா சிறப்புப் பகுதிச் சட்டத்தின்படி, அதிபர் தனி ஆணை பிறப்பிக்கும்வரை தலைநகர் ஜகார்த்தாதான். ஆகவே கட்டடங்கள் எழுந்துவிட்டாலும் முடிவு இன்னும் முழுதாக எடுக்கப்படவில்லை. எந்த வழியில் போனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று இப்போது கேட்பதில் பொருள் இருக்கிறது.

எனக்கு இதில் அளவுகோல் ஒன்றே ஒன்று. அரசு எங்கே குடிபோனாலும் கூடவே போக முடியாத மக்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்த வழி என்ன செய்கிறது?

அவர்கள் எத்தனை பேர் என்று முதலில் பார்த்துவிடலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவில் 27 கோடி மக்கள். அதில் 15 கோடிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 56 விழுக்காட்டினர், ஜகார்த்தா இருக்கும் ஜாவா என்ற ஒரே தீவில் வாழ்கிறார்கள். 17,000 தீவுகளுக்கு மேல் கொண்ட நாட்டின் நிலப்பரப்பில் ஜாவாவின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. நம் வாசகர்களுக்குச் சொல்வதென்றால், ஜாவாவின் பரப்பு கிட்டத்தட்ட தமிழ்நாட்டின் பரப்பேதான். மக்கள் மட்டும் இரண்டு மடங்கு. நாட்டின் மொத்த உற்பத்தியிலும் பாதிக்கு மேல் இங்கேதான் விளைகிறது. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானோ நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல். மக்கள்தொகையில் 6 விழுக்காடுதான். இந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் நேற்று முளைத்ததல்ல. 1957-இல் நாட்டின் முதல் அதிபர் சுகார்னோ கலிமந்தானின் நடுவே பாலங்காராயா நகருக்கு அடிக்கல் நாட்டினார். தலைநகராக அது வளரும் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

முதல் வழி: முழுதாக நுசாந்தராவுக்குப் போவது

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கிழக்குக் கலிமந்தானில் எரிமலை இல்லை; ஜாவாவையும் சுமத்ராவையும் விட நிலநடுக்க ஆபத்து மிகக் குறைவு. நாட்டின் வரைபடத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. பாலிக்பாப்பான், சமாரிண்டா என்று வளர்ந்த நகரங்கள் இரண்டு பக்கத்திலேயே உள்ளன. மைய நகரத்துக்கான நிலத்தில் பெரும்பகுதி தைலமரம் வளர்த்த அரசுக் குத்தகைக் காடு என்பதால் கையகப்படுத்தும் செலவும் குறைவு. பாப்புவாவிலோ சுலாவெசியிலோ பிறந்த ஒருவருக்கு, ஜாவாக்காரர்களின் ஊராக இல்லாத ஒரு தலைநகர் கிடைப்பதன் பெருமையும் சாதாரணமானதல்ல.

அந்த மண்ணின் பழமையையும் சொல்ல வேண்டும். நுசாந்தராவின் பகுதி அடங்கியிருக்கும் கூத்தாய் வட்டாரத்தில், மகாகம் ஆற்றங்கரையில்தான் இந்தோனேசியாவின் மிகப் பழைய கல்வெட்டுகள் கிடைத்தன. மூலவர்மன் என்ற அரசன் கொடை கொடுத்ததைச் சொல்லும் யூபத் தூண்கள், அதாவது வேள்விக் கம்பங்கள், அவை. காலம் ஏறத்தாழ கி.பி. 400, மொழி சமஸ்கிருதம், எழுத்தோ நம் காஞ்சிப் பல்லவர் பெயரால் அறியப்படும் எழுத்து. அந்தத் தூண்கள் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

ஆனால் என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வழி தடுமாறுகிறது. எல்லாம் திட்டப்படி நடந்தாலும் 2045-இல் நுசாந்தராவின் மக்கள்தொகை 19 லட்சம் அளவில்தான் இருக்கும். ஜாவாவின் 15 கோடிக்கு இது ஒன்றேகால் விழுக்காடு. ஜகார்த்தாவும் சுற்று நகரங்களும் சேர்ந்த பெருநகரத்தில் 3 கோடிப் பேர் இருக்கிறார்கள். துறைமுகமும் வங்கிகளும் பங்குச்சந்தையும் அங்கேயேதான் இருக்கும் என்று அரசே சொல்கிறது. நெரிசலை உண்டாக்குபவை அவை. அமைச்சக ஊழியர்கள் விமானம் ஏறிப் போய்விட்டால் முவாரா பாருவில் ஒரு சென்டிமீட்டர் நிலம்கூட உயரப்போவதில்லை.

பணமும் எதிர்பார்த்தபடி வரவில்லை. மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அரசு தரும், மீதி தனியாரிடமிருந்து வரும் என்பதுதான் கணக்கு. 2022 மார்ச்சிலேயே ஜப்பானின் முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் விலகிக்கொண்டது. 2022 முதல் 2024 வரை அரசுக் கருவூலத்திலிருந்து 70 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல் செலவாகிவிட்டது. தனியார் பணம் அதற்கு ஈடாக ஓடி வரவில்லை. முதலீட்டாளர்களை இழுப்பதற்காக 2023-இல் சட்டத்தைத் திருத்தி, நில உரிமையை இரு சுற்றுகளாக 190 ஆண்டுகள் வரை தர வழி செய்தார்கள். பின்னர் அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 190 ஆண்டு! தங்கள் நிலத்துக்கு ஒரு துண்டுப் பட்டா இல்லாமல் தலைமுறைகளாக அங்கே வாழும் பாலிக் இன மக்கள் அந்தச் செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள்? செபாக்கு ஆற்றில் நீர் எடுக்கும் கட்டுமானத்துக்காக அவர்களுடைய முன்னோரின் கல்லறைகள் இடம் மாற்றப்பட்டன.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு பழைய வலி நினைவுக்கு வரும். மலேசியா 1990-களில் தன் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைக் கட்டிய நிலம் பிராங் பெசார் முதலிய ரப்பர் தோட்டங்கள். அங்கே தலைமுறைகளாகப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அந்தச் சுவர்கள் சில ஆண்டுகளிலேயே விரிசல் விட்டன. தரைவீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடையாய் நடந்தார்கள். புத்ராஜெயாவை அழகான நகரம் என்று எழுதுபவர்கள் டிங்கிலைப் பற்றி எழுதுவது அரிது. பாலிக் மக்களுக்கும் அதே கதி நேரக்கூடாது.

ஆட்சிமுறையிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. நுசாந்தராவை நிர்வகிப்பது அதிபர் நியமிக்கும் ஆணையத் தலைவர். அங்கே மேயர் தேர்தல் கிடையாது, உள்ளூர்ச் சட்டமன்றமும் கிடையாது. குடிமக்கள் நாடளாவிய தேர்தல்களில் மட்டுமே வாக்களிப்பார்கள். 1998-இல் சர்வாதிகாரி சுகார்த்தோ வீழ்ந்த பிறகு, ஊருக்கு ஊர் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் போராடிப் பெற்ற நாடு இது. அதன் தலைநகரிலேயே அந்த உரிமை இல்லை. இன்னொன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதம் 5 கோடி ரூபியா வீட்டுப்படி என்ற செய்தி பரவியதும் ஜகார்த்தாவில் மக்கள் நாடாளுமன்றத்தின் வாசலுக்கே போனார்கள். அந்தப் படி ஜகார்த்தாவின் அப்போதைய குறைந்தபட்சக் கூலியைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். போராட்டம் பரவி, சலுகை திரும்பப் பெறப்பட்டது. நாடாளுமன்றம் கடல் தாண்டி 1,200 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால், ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர் அந்த வாசலுக்கு எப்படிப் போவார்?

இரண்டாம் வழி: ஜகார்த்தாவிலேயே இருந்து அதைச் சரிசெய்வது

இதற்குள் இரண்டு கிளை வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. ஒன்று சுவர், மற்றொன்று குழாய்.

சுவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஜகார்த்தா விரிகுடாவை அடைத்துக் கட்டும் திட்டம் 2014-லேயே வந்தது. இப்போது பிரபோவோ, ஜாவாவின் வடகரை முழுவதற்கும், பான்டெனிலிருந்து கிழக்கு ஜாவா வரை, 8,000 கோடி டாலரில் பெரும் கடற்சுவர் கட்ட வேண்டும் என்கிறார். 2025 ஆகஸ்டில் அதற்கென ஓர் ஆணையமும் அமைத்தார். நுசாந்தராவைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட செலவு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது: மூழ்குவது ஜகார்த்தா மட்டுமல்ல. செமாராங், பெக்காலோங்கான், தெமாக் எல்லாம் மூழ்கிக்கொண்டிருக்கின்றன. தெமாக் மாவட்டத்தின் கரையோரச் சிற்றூர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வரவர மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார்கள். கூரையை உயர்த்தக் காசு இல்லை. மூன்று நான்கு முறை உயர்த்திய பிறகு வாசற்படிக்கும் நிலைக்கும் இடையே உயரம் போதாமல், சொந்த வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. தலைநகர மாற்றம் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுவராவது சொல்கிறது.

ஆனால் நிலம் தாழ்வது நிற்காமல் சுவர் கட்டினால் சுவரும் கூடவே தாழும். ஜகார்த்தாவின் ஊடே 13 ஆறுகள் கடலுக்குப் போகின்றன. விரிகுடாவை அடைத்தால் அந்த நீரை எல்லாம் பம்பு வைத்து இறைக்க வேண்டும். பாதாளச் சாக்கடை மிகச் சில வீடுகளுக்கே இருக்கும் நகரத்தில், அடைத்த விரிகுடா கழிவுநீர்க் குட்டையாக மாறிவிடும். 2020 புத்தாண்டு நாளன்று ஹாலிம் விமான நிலையத்தில் 377 மில்லிமீட்டர் மழை பெய்து, நகரமும் சுற்றுப்புறமும் மூழ்கி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தண்ணீர் வானத்திலிருந்தும் மலையிலிருந்தும் வந்தது. கடற்சுவர் அதைத் தடுத்திருக்காது.

குழாய்க்கு இந்தப் பகட்டு கிடையாது. ஜகார்த்தா தாழ்வதற்கு முதன்மையான காரணம், ஆழ்துளைக் கிணறுகள் வழியே நிலத்தடி நீரை உறிஞ்சி எடுப்பது. நீர் போன வெற்றிடத்தில் களிமண் அடுக்கு அழுந்துகிறது. மேலே உள்ள கட்டடங்களின் எடை அதை இன்னும் அழுத்துகிறது. மக்கள் ஏன் உறிஞ்சுகிறார்கள்? குழாயில் தண்ணீர் வராததால். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. சந்துகளில் தள்ளுவண்டிக்காரர் 20 லிட்டர் கேன்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். கிணறும் குழாயும் இல்லாத ஏழை வீட்டுப் பெண் அதை வாங்குகிறாள். ஒரு குடம் தண்ணீருக்கு, குழாய் இணைப்புள்ள வசதியான வீட்டைவிடப் பல மடங்கு அதிக விலை அவள்தான் கொடுக்கிறாள். 1998-இல் குடிநீர் விநியோகம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் இரு தனியார் நிறுவனங்களிடம் போனது. 2023 தொடக்கத்தில் மீண்டும் நகராட்சி நிறுவனத்திடம் வந்தது. 2030-க்குள் எல்லோருக்கும் குழாய் என்பது இலக்கு. அதற்கு மூலநீர் வேண்டும்: ஜகார்த்தாவுக்கு வரும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஜத்திலுஹூர் அணையிலிருந்து, சித்தாரும் ஆற்று நீராக வருகிறது. ஆலைக் கழிவால் சீரழிந்த ஆறு அது. நகருக்குள் ஓடும் ஆறுகள் பெரும்பாலும் குடிநீராக்கும் நிலையில் இல்லை.

குழாய் போட்டால் நிலம் நிற்குமா என்பதற்கு டோக்கியோ விடை சொல்கிறது. அந்த நகரின் கிழக்குத் தாழ்நிலப் பகுதிகள் 20-ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் இறங்கின. 1950-களிலும் 60-களிலும் சட்டம் போட்டு, ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் நிலத்தடி நீர் எடுக்கத் தடை விதித்து, மாற்று நீர் கொடுத்தார்கள். 1970-களின் முடிவில் தாழ்வது ஏறக்குறைய நின்றது. இறங்கிய நிலம் மீண்டும் ஏறாது. ஆனால் இறங்குவது நிற்கும். சுவரைக் கட்ட அதன் பிறகு ஒரு பொருள் இருக்கும். குழாய்தான் முதலில், சுவர் அடுத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் வழி: பாதி இங்கே, பாதி அங்கே

நடைமுறையில் இப்போது நடப்பது இதுதான். 2025 ஜூனில் பிரபோவோ பிறப்பித்த ஆணை நுசாந்தராவை 2028-இல் 'அரசியல் தலைநகர்' ஆக்குவதாகச் சொல்கிறது. அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகியவை அங்கே இருக்கும். இடம் மாறும் அரசு ஊழியர்கள் 1,700 முதல் 4,100 பேர் வரை. 2025 முதல் 2029 வரை ஒதுக்கீடு 48.8 லட்சம் கோடி ரூபியா. முந்தைய மூன்று ஆண்டுகளில் செலவானதைவிட ஐந்தாண்டுக்கு ஒதுக்கியது குறைவு. தொடங்கியதைக் கைவிட்டால் செலவழித்த பணம் காட்டில் துருப்பிடிக்கும் என்ற வாதம் புரிகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் அலுவலகம், இரண்டு இடத்திலும் வீடு, நடுவே ஓயாத விமானப் பயணம் என்று ஆண்டுதோறும் போகும் செலவை யார் தாங்குவது? கட்டி முடித்ததைப் பராமரித்து, அணையையும் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிழக்குக் கலிமந்தான் மக்களுக்குத் திறந்துவிட்டு, ஆடம்பரத்தை அதோடு நிறுத்தினால் இந்த வழி தாங்கக்கூடியது.

நான்காம் வழி: தலைநகரை விட்டுவிட்டு, அதிகாரத்தையும் பணத்தையும் நகர்த்துவது

ஜாவாவுக்கு வெளியே வாழ்வு வளர வேண்டும் என்பதுதான் உண்மையான நோக்கம் என்றால், இதைத்தான் முதலில் பேச வேண்டும். மக்களைத் தூக்கிக்கொண்டு போய் வேறு தீவில் வைக்கும் முயற்சியை இந்த நாடு நூறாண்டு செய்து பார்த்துவிட்டது. 1905-இல் டச்சுக்காரர்கள் ஜாவா விவசாயிகளைத் தெற்குச் சுமத்ராவின் லம்போங்கில் குடியேற்றினார்கள். சுகார்த்தோ காலத்தில் அது பல லட்சம் குடும்பங்களாகப் பெருகியது. நுசாந்தரா எழும் செபாக்குவிலேயே 1970-களில் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். 1930-இல் நாட்டு மக்களில் 69 விழுக்காடாக இருந்த ஜாவாவின் பங்கு 56 ஆகக் குறைந்தது உண்மை. அதே காலத்தில் ஜாவாவின் மக்கள்தொகை மும்மடங்குக்கும் மேல் பெருகியதும் உண்மை. குடியேறியவர்களுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே மூண்ட பகையின் விலையும் கொடுமையானது: 2001-இல் நடுக்கலிமந்தானின் சாம்பிட்டில் மண்ணின் மக்களான தயாக்குகளுக்கும் குடியேறிய மதுராத் தீவினருக்கும் நடந்த மோதலில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

பணத்தை அனுப்பிய அனுபவம் இதைவிட மேலானது. 1999-இல் இயற்றி 2001-இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டங்கள், மாவட்டங்களுக்கு ஒரேயடியாக அதிகாரத்தைக் கொடுத்தன. ஏறத்தாழ 20 லட்சம் ஊழியர்கள் மைய அரசிலிருந்து வட்டார நிர்வாகங்களுக்கு மாறினார்கள். ஊழலும் கூடவே பரவியது என்பதை மறைக்க மாட்டேன். பல மாவட்டத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனாலும் தன் ஊர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்தது.

அண்மைக் காலத்தில் காற்று திரும்பியடிக்கிறது. 2020 சுரங்கச் சட்டம் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்து மையத்திடம் கொடுத்தது. வட்டாரங்களுக்கான நிதி 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 919 லட்சம் கோடி ரூபியா. 2026-க்கு 693 லட்சம் கோடி. குறைத்த தொகை, 226 லட்சம் கோடி, நுசாந்தராவின் மொத்த மதிப்பீட்டில் கிட்டத்தட்ட பாதி. ஓர் ஆண்டில்! வருமானத்துக்கு வழி தேடும் மாவட்டம் என்ன செய்யும் என்பதை நடு ஜாவாவின் பாத்தி மாவட்டம் காட்டியது. அங்கே நில, கட்டட வரியை 250 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். 2025 ஆகஸ்டில் மக்கள் பெருந்திரளாகக் கூடினார்கள், உயர்வு ரத்தானது.

தொழில் எங்கே போகிறதோ அங்கே ஆட்கள் போவார்கள் என்பதற்குச் சான்று நிக்கல். 2020 ஜனவரியில் கச்சா நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு, சுலாவெசியின் மொரோவாலியிலும் வடக்கு மலுக்குவிலும் உருக்காலைகள் பெருகின. வடக்கு மலுக்குவின் பொருளாதாரம் 2022, 2023 இரு ஆண்டுகளிலும் 20 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. எந்தத் தலைநகரும் அங்கே போகவில்லை. ஆனால் அந்த வளர்ச்சி உள்ளூர் மீனவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. கடல் கலங்கியதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. கிழக்குக் கலிமந்தானிலும் இதே கதைதான். நிலக்கரி வெட்டி மூடாமல் விட்ட குழிகளில் விழுந்து 40 பேர் அளவில் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். அந்தக் குழிகளை மூடவைக்கும் அதிகாரமும் பணமும் அருகில் உள்ள அரசிடம் இருக்க வேண்டும். தலைநகர் அருகில் வந்ததால் மட்டும் அது நடந்துவிடாது.

வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தோனேசியாவின் சட்டம். இலவச மதிய உணவுத் திட்டம் ஒரு பக்கம் பெரும் பணம் கேட்கிறது. நான்கு வழிக்கும் பணம் கிடையாது. வரிசைப்படுத்தியே ஆக வேண்டும்.

என் வரிசை இது. முதலில் ஜகார்த்தாவின் குடிநீர்க் குழாயும் சித்தாரும் ஆற்றைத் தூய்மை செய்வதும். நிலத்தடி நீருக்கு முழுத் தடை, குழாய் போய்ச் சேர்ந்த பகுதிகளில் மட்டும், உயர்ந்த கட்டடங்களில் தொடங்கி. இரண்டாவதாக, வட்டாரங்களிடமிருந்து பிடுங்கிய நிதியைத் திருப்பிக் கொடுப்பது, சுரங்கக் கண்காணிப்பு அதிகாரம் உட்பட. மூன்றாவதாக, கடற்சுவரை வடகரை முழுவதற்கும் என்று தொடங்காமல், தெமாக், செமாராங் போல நாளையே மூழ்கும் இடங்களில் சதுப்புநிலக் காடுகளோடு சேர்த்துத் தொடங்குவது. நுசாந்தரா கடைசி. அதற்கு 48.8 லட்சம் கோடிக்கு மேல் ஒரு ரூபியாவும் வேண்டாம். 2028-இல் நாடாளுமன்றம் அங்கே கூடுவதற்கு முன் பாலிக் மக்கள் கையில் பட்டாவும், நுசாந்தராவாசிகள் கையில் உள்ளூர் வாக்குச்சீட்டும் இருக்க வேண்டும்.